சல்லடையில் வீட்டுக்காரர்

மருமகள்: ...மெதுவா, அத்தை! பெட்டிய ஆட்டாதீங்க.

அத்தை: நான் எங்க ஆட்டுறேன்? உன் மேசைதான் ஆடுது. ஒரு கால் குட்டை.

மருமகள்: அதுக்கு அடியில ஒரு புத்தகம் வெச்சிருந்தேன். நீங்க வர்றீங்கன்னு எடுத்துட்டேன்.

அத்தை: நான் வர்றதுக்கும் புத்தகத்துக்கும் என்ன... ஏய். என் புத்தகத்தையா முட்டுக் குடுத்திருந்த?

மருமகள்: மூணாவது பதிப்பு, அத்தை. கெட்டி அட்டை. நல்லாத் தாங்குச்சு.

அத்தை: இருக்கட்டும், இருக்கட்டும். மதியத்துக்குள்ள உன் கட்டுரை எதுக்கு முட்டுக் குடுக்கப் போகுதுன்னு பார்த்துடலாம். கேமரா ஓடுதா?

மருமகள்: ஓடுது. படம் மட்டும்தான். சத்தம் பதியாது. அதனால தாராளமாத் திட்டலாம்.

அத்தை: நல்லதாப் போச்சு. இப்போ முறைப்படி சொல்லு. எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுக்கோ.

மருமகள்: உங்களுக்கா? முப்பது வருஷமா இந்த வண்டையே கட்டிக்கிட்டு அழுதவங்க நீங்க!

அத்தை: இன்னிக்கு நான் சாட்சி. சாட்சிக்கு முதல்லேர்ந்து சொல்லணும். ம்... சொல்லு.

மருமகள்: சரி. இது பொணம் பொதைக்கிற வண்டு. செத்த எலி கிடைச்சா ஆணும் பொண்ணுமா சேர்ந்து மண்ணுக்குள்ள இழுத்துட்டுப் போகும். ரோமத்த உரிச்சு, உருண்டையா உருட்டி வைக்கும். பக்கத்துலயே முட்டை. புழு பொரிச்சு வந்ததும் அம்மா வாயோட வாய் வெச்சு ஊட்டும்.

அத்தை: வீட்டுக்காரர்?

மருமகள்: ஆண் வண்டும் கொஞ்ச நாள் கூட இருக்கும்.

அத்தை: பேருக்கு இருப்பார். அப்புறம் நைஸா கிளம்பிடுவார். மேல சொல்லு.

மருமகள்: செவப்பு மூடிப் பெட்டியில இருக்கிறது, காலங்காலமா அம்மா ஊட்டி வளர்ந்த வம்சம். வெள்ளை மூடி என்னோட வம்சம். உருண்டை உருட்டி முடிச்ச கையோட பெத்தவங்களப் பிரிச்சுட்டு, புழுவ மட்டும் தனியா வளரவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும். ஏழு வருஷமா.

அத்தை: ஏழு வருஷப் பாவம். எந்த நரகத்துக்குப் போகப் போறியோ.

மருமகள்: ஆரம்பத்துல முக்கால்வாசி செத்துப்போச்சு, ஒத்துக்கறேன். பெட்டியத் திறக்கவே மனசு வராது. ஆனா மிச்சம் பிழைச்சதோட பிள்ளைங்க, அதுங்களோட பிள்ளைங்க... ஒண்ணுக்கொண்ணு உதவ ஆரம்பிச்சுது, அத்தை! பெரிய தாடை இருக்கிறது உருண்டையில ஓட்டை போடுது. சின்னதெல்லாம் அதுக்குப் பின்னாலயே உள்ள போய்ச் சாப்பிடுது. அம்மா செஞ்ச வேலைய கூடப்பொறந்ததுங்க எடுத்துக்கிச்சு.

அத்தை: என் புத்தகம் என்ன சொல்லுது?

மருமகள்: "தாய் இல்லாத புழுக்கள் ஒன்றையொன்று மிதித்துத் தின்னும். கூடி வாழும் குணம் தாயோடு போய்விடும்." பக்கம் நம்பரும் சொல்லட்டுமா?

அத்தை: மேசைக்கு அடியில கிடந்தாலும் மனப்பாடமாத்தான் இருக்கு.

மருமகள்: எதிரி எழுதினதத்தானே ஒழுங்காப் படிக்கணும்.

அத்தை: கொழுப்பு... சரி, இப்போ நடந்த சோதனையச் சொல்லு.

மருமகள்: ரெண்டு வம்சத்துலயும் பெத்தவங்கள எடுத்தாச்சு. ரெண்டும் அநாதை. செவப்புல பாதிப் பெட்டி காலி. வெள்ளையில எட்டுல ஒண்ணு கூடக் காலி இல்ல. நேத்து நீங்களே உங்க கையால எண்ணி, புழுவ வேற தட்டுக்கு மாத்துனீங்க.

அத்தை: எண்ணினேன். பெரும்பாலும் கொழுகொழுன்னுதான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது.

மருமகள்: அப்புறம் என்ன?

அத்தை: அப்புறம் சல்லடை எதுக்கு? அதையும் சொல்லணும்ல?

மருமகள்: அத வேற என் வாயால கேக்கணுமா உங்களுக்கு?

அத்தை: சாட்சிம்மா.

மருமகள்: போன வருஷம் முதல்முதலா இத இணையத்துல பேசினேன். எத்தனையோ நாட்டுலேர்ந்து கேட்டுட்டு இருந்தாங்க. கடைசியில பேரு போடாம ஒரு மகராசன் கேள்வி அனுப்பினான். மண்ணச் சல்லடை போட்டுப் பார்த்தீங்களான்னு.

அத்தை: அவ்வளவுதானா?

மருமகள்: ஒரு ஆண் மண்ணுக்கடியில பதுங்கிக்கிட்டு, உங்களுக்குத் தெரியாம ஊட்டி வளர்க்கலன்னு என்ன நிச்சயம்னு கேட்டான். நான் முழிச்ச முழி இருக்கே!

அத்தை: ஆண்கள எண்ணவே இல்லையா நீ?

மருமகள்: நம்ம தொழில்ல யாரு எண்ணியிருக்கா, அத்தை? அம்மாவ மட்டும்தான் கையால எடுப்போம். ஆண் போறதுக்குன்னு பெட்டியில ஒரு குழாய் வெச்சிருக்கு. ஒரு வம்சத்துக் குழாய் எல்லாம் ஒரே தட்டுல போய் முடியும். எது எந்தப் பெட்டிலேர்ந்து வந்துச்சு, எத்தனை வந்துச்சு, யாருக்கு வேணும்? போயிட்டான்னு எழுதிட்டு அடுத்த வேலையப் பார்க்கறது.

அத்தை: நானும் அப்படித்தான் எழுதியிருக்கேன். வீட்டுக்காரர எவ தேடினா!

மருமகள்: அந்த ஒத்தைக் கேள்விதான். மறுநாளே என் ஆராய்ச்சிக்குப் 'பதுங்கின அப்பா'ன்னு பட்டப்பேரு வெச்சுட்டாங்க. கட்டுரை திரும்பி வந்துடுச்சு. மொத்தச் சோதனையையும் திரும்ப முதல்லேர்ந்து... ஒரு வருஷம். அந்தச் சல்லடைக்காரன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்...

அத்தை: வீட்டுலயும் இதத்தானே சொல்லிட்டு இருக்க. சோறு போடும்போது கூட.

மருமகள்: கிடைச்சான்னா அவனையே இந்தக் குழாய் வழியா அனுப்பறேன்.

அத்தை: சரி சரி, விடு. இந்தத் தடவை ஆண்கள எண்ணினியா?

மருமகள்: எண்ணினேன்.

அத்தை: செவப்புல?

மருமகள்: எல்லாரும் தட்டுக்கு வந்து சேர்ந்துட்டாங்க.

அத்தை: வெள்ளையில?

மருமகள்: அந்தச் சல்லடைய எங்க வெச்சேன்...

அத்தை: பேச்ச மாத்தாத. வெள்ளையில எத்தனை?

மருமகள்: எட்டுப் பெட்டி. தட்டுல ஏழு.

அத்தை: ஒரு வீட்டுக்காரரக் காணோம்!

மருமகள்: சந்தோஷத்தப் பாரு முகத்துல!

அத்தை: எப்போ தெரியும் உனக்கு? அப்பவே தேடியிருக்க வேண்டியதுதானே?

மருமகள்: மண்ணுக்குள்ள முட்டை இருந்துச்சு. கிளறினா நசுங்கிடும். புழு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். தூக்கமே இல்ல. ஒருவேளை பறந்து போயிருக்கலாம்...

அத்தை: ஒருவேளை ஏதாவது ஒரு பெட்டிக்குள்ள உக்காந்திருக்கலாம். அதுவும் கொழுத்த பெட்டியா இருந்துட்டா?

மருமகள்: அப்போ நீங்க ஜெயிச்சீங்க. பதுங்கின அப்பன் ஊட்டித்தான் கொழுத்துச்சுன்னு ஊரே சொல்லும். துறைத் தலைவர் மதியம் இந்த அறையப் பூட்டிச் சாவிய வாங்கிப்பார். கம்ப்யூட்டர் வைக்க இடம் தேடிட்டு இருக்கார். இத்தனை தலைமுறை வண்டையும் எங்கேயாவது கொட்ட வேண்டியதுதான்.

அத்தை: கொட்டறதாவது! வாயக் கழுவு... ஏன், சாட்சிக்கு வெளியாள் யாரும் கிடைக்கலையா உனக்கு?

மருமகள்: கிடைக்கல.

அத்தை: மாமியார்தானே, விட்டுக் குடுத்திருப்பாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?

மருமகள்: எந்த ஊர்ல மாமியார் விட்டுக் குடுத்திருக்காங்க, அத்தை?

அத்தை: அதுவும் சரிதான்.

மருமகள்: அதுவும் நீங்க. இது பொய்யாப் போனா உங்க புத்தகம் பிழைக்கும். உங்களை விடப் பெரிய எதிராளிய நான் எங்க போய்த் தேடுவேன்?

அத்தை: ம்... அப்போ ஒண்ணு செய். அந்தச் சுவரப் பார்த்துத் திரும்பி நில்லு.

மருமகள்: எதுக்கு?

அத்தை: நில்லுன்னா நில்லு. பெட்டிங்கள இடம் மாத்தி வைக்கறேன். எத்தனை புழுன்னு மூடியோட உள்பக்கம்தானே எழுதியிருக்கு? மூடியெல்லாம் கவுந்தே கிடக்கட்டும். எது கொழுத்தது, எது காஞ்சதுன்னு உனக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது. அப்புறம் சலிப்போம்.

மருமகள்: ...அத்தை.

அத்தை: என்ன?

மருமகள்: இது எனக்குத் தோணல.

அத்தை: உனக்குத் தோணாதது இன்னும் நிறைய இருக்கு. திரும்பு... ம், ஆச்சு. வா. மண்ணக் கொட்டு. மெதுவா, மெதுவா... முகத்துல அடிக்காத!

மருமகள்: நீங்கதான் சல்லடைய மூக்குக்குக் கிட்ட வெச்சிருக்கீங்க.

அத்தை: கண்ணாடி போட்டும் தெரியல, என்ன பண்றது. ...வேர். கல்லு. எலி எலும்பு. வேற ஒண்ணுமில்ல. முதல் பெட்டி சுத்தம்.

மருமகள்: அப்பாடா.

அத்தை: இன்னும் ஏழு இருக்கு. அடுத்தது... உன் போன் அடிக்குது பாரு.

மருமகள்: உங்க பிள்ளை. கையெல்லாம் மண்ணு... ஸ்பீக்கர்ல போடறேன். ம், சொல்லுங்க. ...எந்த டப்பா? நீல டப்பாவா? ஐயோ, திறக்காதீங்க! அது எலி!

அத்தை: ஃப்ரீசர்லயா?

மருமகள்: பின்ன எங்க வெப்பேன்? ...ஆமாங்க, கீழ்த்தட்டுல இருக்கிறதுதான் சாப்பாடு. மேல்தட்டு முழுக்க வண்டுக்கு. ...இன்னும் தெரியலங்க. ஒரு பெட்டிதான் ஆகியிருக்கு.

அத்தை: யாரு ஜெயிச்சாலும் அவன் யாரு பக்கம்னு கேளு.

மருமகள்: கேக்கறாங்க, யாரு பக்கம்னு... வெச்சுட்டார்.

அத்தை: அதானே! குழாய் வழியாப் போயிட்டார் பாரு. எந்த வீட்டுக்காரரா இருந்தாலும் ஒரே ஜாதிதான். கொட்டு அடுத்தத.

மருமகள்: ரெண்டு... என்ன அது, கறுப்பா?

அத்தை: கரித்துண்டு.

மருமகள்: உயிர் போயிட்டு வந்துச்சு.

அத்தை: ரெண்டும் சுத்தம். மூணு... சுத்தம். நாலு. ஈரமா இருக்கு, சல்லடையில ஒட்டுது.

மருமகள்: நான் தட்டட்டுமா?

அத்தை: நீ தொடாத! கேமரா பார்க்குது. எதிராளி கைதான் படணும்... நாலும் சுத்தம். அஞ்சாவதும். தோள்பட்டை விட்டுப் போச்சு எனக்கு.

மருமகள்: உக்காருங்க கொஞ்சம். தண்ணி தரட்டுமா?

அத்தை: வேண்டாம். வீட்டுக்காரரப் பிடிக்காம தண்ணி குடிக்கறதா? ஆறாவதக் கொட்டு.

மருமகள்: ம்... ஏன் சலிக்காம நிறுத்திட்டீங்க, அத்தை? கரிதானே?

அத்தை: அசையுது. ரெண்டு ஆரஞ்சுப் பட்டை. முகத்துல பெரிய திட்டு. ஆண்தான். திவ்யமா இருக்கார்.

மருமகள்: ஆண்டவா.

அத்தை: இங்க பாரு. நிமிர்ந்து பாரு என்னை. கேமராவுக்கு என் முதுகுதான் தெரியுது. அவர் என் உள்ளங்கையில இருக்கார். நான் விரல மடக்கிட்டேன்னா, ஆறாவதும் சுத்தம். மூடியத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம்.

மருமகள்: என்ன பேசறீங்க?

அத்தை: ஏழு வருஷம், அதுலயும் இந்தக் கடைசி ஒரு வருஷம். எல்லாம் இந்தக் கைக்குள்ள இருக்கு. சொல்லு. மடக்கட்டுமா?

மருமகள்: திரும்புங்க, அத்தை.

அத்தை: யோசிச்சு...

மருமகள்: யோசிக்க ஒண்ணுமில்ல. திரும்பி, கையத் திறந்து, கேமராவுக்குக் கிட்டக் காட்டுங்க. எழுதிக்கறேன். ஆறாவதாச் சலிச்ச பெட்டி. ஒரு ஆண். உயிரோட.

அத்தை: எல்லாம் போயிடுமே.

மருமகள்: போகட்டும். காட்டுங்க.

அத்தை: ...காட்டியாச்சு. நல்லாப் பார்த்துக்கோங்க ஐயா, இதான் அந்தத் தலைமறைவு ஆசாமி. டப்பாவுல போட்டு மூடு... என் பிள்ளைக்குப் பொண்ணு பார்த்தது வீண்போகல.

மருமகள்: நீங்க எங்க பார்த்தீங்க? நாங்களாத்தான் பண்ணிக்கிட்டோம்.

அத்தை: நான் தடுக்கலேல்ல! அந்த மூடிய எடு.

மருமகள்: நீங்களே எடுங்க. என்னால முடியாது.

அத்தை: இதுவா?

மருமகள்: இல்ல, பக்கத்துல... ஆமா, அதுதான். திருப்புங்க. எத்தனை? எத்தனை புழு, அத்தை? இருபத்தஞ்சுக்கு மேலயா? சொல்லித் தொலைங்களேன்!

அத்தை: ஒம்பது.

மருமகள்: என்ன?

அத்தை: ஒம்பதே ஒம்பது. என் கையெழுத்துதான். நேத்து எண்ணும்போதே நினைச்சேன், இது என்ன இப்படிக் காஞ்சு கிடக்குன்னு. எட்டுலயும் இதுதான் கடைசி!

மருமகள்: இருங்க... இருங்க. ஆண் இருந்த பெட்டிதான்... எல்லாத்தையும் விட மோசமா?

அத்தை: மத்ததெல்லாம் இருபது, இருபத்தஞ்சு. அப்பன் ஆத்தா யாருமே இல்லாம! இவர் உக்காந்திருந்த வீட்டுல ஒம்பது!

மருமகள்: அத்தை! அத்தை!

அத்தை: கழுத்த விடு, மூச்சு முட்டுது! பாவி மனுஷன், பிள்ளைங்களுக்கு ஊட்டறதுக்குப் பதிலா உருண்டைய இவரே உக்காந்து தின்னிருக்கார்! வயிறப் பாரு, எப்படி மின்னுது!

மருமகள்: எனக்கு அழுகை வருது.

அத்தை: அழு. ஆனா சிரிச்சுக்கிட்டே அழு. கேமரா ஓடுது.

மருமகள்: ஒரு பெட்டிய வெச்சுச் சட்டம் போட முடியாது, தெரியும். இது செல்லாது, கழிச்சுடணும். ஆனா...

அத்தை: ஆனா பதுங்கின அப்பன் கதை முடிஞ்சுது. அப்பனே அகப்பட்டான், அவனால ஒரு பிரயோஜனமும் இல்லன்னும் தெரிஞ்சுபோச்சு! தேடிப்போயிருந்தாலும் இப்படி ஒரு சாட்சி கிடைச்சிருக்காது. கொட்டு, மிச்சம் ரெண்டையும் கொட்டு. நடுவுல விட்டா நாளைக்கு எவனாவது கேப்பான்.

மருமகள்: ஏழு...

அத்தை: சுத்தம்.

மருமகள்: எட்டு...

அத்தை: சுத்தம். பளிச்சுன்னு சுத்தம்! எடு பேனாவ. எங்க கையெழுத்துப் போடணும்?

மருமகள்: இங்க. அத்தை... உங்க புத்தகம்?

அத்தை: நாலாவது பதிப்புல அந்த வரிய நானே அடிச்சுடறேன். தாய் இல்லாத பிள்ளைங்களும் சேர்ந்து பிழைக்கும்னு எழுதறேன். பக்கத்துலயே உன் பேரு.

மருமகள்: வலிக்கலையா?

அத்தை: வலிக்குது. வலிக்கலன்னா பொய். முப்பது வருஷம் அந்த வரிய வெச்சுத்தானே மேடை ஏறினேன். ஆனா அந்த ஒம்பதப் பார்த்தேன் பாரு... சின்ன வயசுல முதல் வண்டப் பார்த்தப்போ வந்த சந்தோஷம் வந்துடுச்சு. தோக்கறதுன்னா இப்படித் தோக்கணும். தலைவர் வரட்டும், சாவிய எப்படிக் கேக்கறார்னு நான் பார்க்கறேன்.

மருமகள்: நீங்க ஒரு பார்வை பார்த்தாலே போதும். ஓடிடுவார்.

அத்தை: கேமராவ நிறுத்து.

மருமகள்: நிறுத்திட்டேன்.

அத்தை: நல்லாப் பார்த்துச் சொல்லு.

மருமகள்: நிறுத்திட்டேன், அத்தை. என்ன?

அத்தை: இல்ல... அந்தச் சல்லடைக்காரன் இருக்கானே. இனிமே அவனத் திட்டாத.

மருமகள்: ஏன்? உங்களுக்கென்ன அவன் மேல அவ்வளவு பாசம்?

அத்தை: அவன் கேக்கலன்னா, அச்சுல வந்ததுக்கப்புறம் வேற எவனாவது கேட்டிருப்பான். அப்போ நீ எழுந்திருக்கவே முடியாது. யோசிச்சுப் பாரு.

மருமகள்: அப்போ அவனப் பார்த்தா கால்ல விழணுமா?

அத்தை: விழ வேண்டாம். குனிஞ்சு உன்னத் தூக்க முடியாது. முட்டி வலி.

மருமகள்: ஓஹோ... முட்டி வலியா அவனுக்கு?

அத்தை: பேரு போட்டே கேட்டிருக்கலாம். ஆனா போட்டிருந்தா, மாமியார் மருமக சண்டைன்னு சிரிச்சுட்டுப் போயிருப்பாங்க. கேள்விய யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க. உனக்காகத்தான் கேட்டேன்னும் சொல்ல மாட்டேன்... பாதி உனக்காக. பாதி, நானே ஜெயிக்கணும்னு. ஒரு வருஷமா நெஞ்சுல அடைச்சுட்டு இருந்துச்சு. இப்போ திட்டிக்கோ. என்ன சிரிக்கற?

மருமகள்: கேள்விய நான் முழுசாச் சொல்லலயே, அத்தை. "மண்ணுக்கடியில் வீட்டுக்காரர் பதுங்கியிருக்கிறாரா என்று சலித்துப் பார்த்தீர்களா?" ஆண் வண்டுக்கு வீட்டுக்காரர்னு மரியாதை குடுக்கற ஆளு இந்த உலகத்துலயே ஒருத்தங்கதான். அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. சாட்சிக்கு வெளியாள் கிடைக்கலன்னு சொன்னதும் பொய்தான். மூணு பேர் வர்றேன்னாங்க. கேள்வி கேட்டவங்க கையாலதான் சலிக்கணும்னு, மூணு பேரையும் வேண்டாம்னுட்டேன்.